இரண்டு மணிப் பள்ளம்

அவருக்குத் தலைவர் என்று யார் பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவரே வைத்துக்கொண்டிருப்பார். அந்தத் தெருவில் மொத்தம் நாற்பத்தோரு வீடு. நாற்பத்தோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு ரப்பர் முத்திரை, முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைய ஓர் ஆள். அவ்வளவுதான் தலைவர். தெருமுனையில் ஒரு செராக்ஸ் கடை உண்டு. அதில் காலையிலிருந்து கால் கடுக்க நிற்பது அவர் மனைவி. தலைவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசுவார். குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று கேட்பார். குப்பை வண்டி வந்தால், ஏன் இவ்வளவு லேட் என்று கேட்பார். அவர் போன் போட்டு நடந்த காரியம் ஒன்றையாவது எனக்கு யாராவது காட்டினால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

நான் ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு விடுகிறவன். நுரையீரல் கெட்டுப்போனவர்கள் வீட்டில், படுக்கைக்குப் பக்கத்தில், சின்ன அலமாரி உயரத்துக்கு நின்று இரைந்துகொண்டிருக்குமே, அதுதான். அறுபத்துமூன்று வீட்டில் என் மெஷின் ஓடுகிறது. மாதம் ஒருமுறை போவேன். பின்பக்கத்து பஞ்சு ஃபில்டரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்துவேன். தண்ணீர் பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, காய்ச்சி ஆறிய நீர் ஊற்றுவேன். மூக்குக் குழாய் விறைத்துப் போயிருந்தால் மாற்றுவேன். கடைசியாக, மெஷினில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஓர் எண் இருக்கும். அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் ‘சரி’ என்று போட்டுவிட்டு வந்துவிடுவேன். சரியா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறேனா என்று கேட்காதீர்கள்.

தலைவரின் அப்பா படுத்திருந்தது இளைய மகன் வீட்டில். அது உண்மையில் பெரியவரின் சொந்த வீடு. பஞ்சு மில்லில் முப்பத்தாறு வருஷம் பஞ்சை மூச்சாக இழுத்துக் கட்டிய வீடு. மில் அவருக்கு இரண்டு கூடம், ஒரு சமையலறை, பின்கட்டில் ஒரு துவைகல் கொடுத்தது. பதிலுக்கு நுரையீரலையும் ஒரு காதையும் வாங்கிக்கொண்டது. இடது காது முழுக்கப் போயிற்று. வலது காது நாம் கொஞ்சம் உரக்கப் பேசினால் கேட்கும். முன்கூடத்தில் ஜன்னலை ஒட்டிக் கட்டில், தலைமாட்டில் என் மெஷின், கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் இரும்பு கேட். அதைத் திறந்தால் கிறீச் என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா என்னம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மாமா வேணாங்கிறாருண்ணே. எத்தன தடவ கேட்டாச்சு” என்றாள் மருமகள்.

அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட வேனில் ஆயா வேலை. காலையில் பிள்ளைகளை ஏற்றிவிடும் வேலை வேறொருத்திக்கு. இவளுக்கு மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை, பிள்ளைகளைக் கொண்டுபோய் வீடு வீடாக இறக்கிவிடும் வேலை. அவள் கணவன் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வெயில் கொளுத்தும் நாளிலும் ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரே ஆள் அவன்தான். ஒரு டன் சரக்கைக் கூரை உயரத்துக்குத் தூக்குவான். அண்ணன் எதிரே நாக்கைத் தூக்கச் சொன்னால் மட்டும் முடியாது.

அன்று நான் போனபோது சின்னவளின் முகம் சரியில்லை. பெரியவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வாய் வாங்கி, மென்று, விழுங்கி, பிறகு நாலு மூச்சு வாங்கி, அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். ஒரு கிண்ணம் சோறு இறங்க முக்கால் மணி நேரம். அவள் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் அத்தனை நேரமும் பிடித்துக்கொண்டிருந்தாள். முடித்து வாயைத் துடைத்துவிட்டு, துவைகல்லில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நேத்து டாக்டரு எல்லார் முன்னாடியும் என்னைப் பிடிச்சு ஏசிட்டாரு. காலு வீங்கியிருக்கு, சாயங்காலமானா நகமெல்லாம் நீலமாகுது, மெஷினை நீங்க ஒழுங்காவே போடுறதில்லன்னு. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட அது ஓடுதான்னு பாத்துட்டுத்தான்ணே படுக்கிறேன். மெஷின்ல ஏதாச்சும் கோளாறா?”

“மெஷின்ல கோளாறு இல்லம்மா” என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் என் நோட்டில் வேறொன்று இருந்தது. முப்பது நாளைக்கு எழுநூற்று இருபது மணி நேரம். அவரைக் குளிப்பாட்டும் நேரத்தைக் கழித்தாலும் எழுநூறு வரவேண்டும். இந்த வீட்டில் ஐந்து மாதமாக அறுநூற்று நாற்பதுதான் வந்துகொண்டிருந்தது. ஐந்து மாதமும் பக்கத்தில் ‘சரி’ என்று என் கையெழுத்து. வாடகை மாதத்துக்குத்தான், மணிக்கு இல்லை. எவன் வீட்டு மெஷின் எத்தனை மணிக்கு நின்றால் எனக்கென்ன என்று இருந்தேன். தலைவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, என் யோக்கியதை இதுதான்.

“ரெண்டுலேருந்து நாலரை வரைக்குந்தான் நான் வீட்ல இல்ல” என்றாள் சின்னவள் மெதுவாக. “அப்ப அத்தான் வந்து உக்கார்றாரு. ஞாயித்துக்கெழம நான் இருப்பேன், அவரு வரமாட்டாரு.”

அத்தான் என்றது தலைவரை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

“வேன் டிரைவர் வீட்ல புது மீட்டர் வெச்சிருக்காங்களாம். ஸ்மார்ட் மீட்டரு. எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் ஓடுச்சுன்னு போன்லயே கோடு கோடாக் காட்டுமாம். நெசமாண்ணே?”

“நெசந்தான்.”

“அப்ப மெஷின் எப்ப நின்னுச்சுன்னும் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நம்ம தெருவுக்கும் வருதாம். வேணுங்கிறவங்க எழுதிக் குடுக்கணும், வேண்டாங்கிறவங்களும் எழுதிக் குடுக்கணுமாம். கனெக்‌ஷன் மாமா பேர்ல இருக்கு. அவரு கையெழுத்துப் போடணும்.” அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். “அத்தான் வேணாங்கிறாரு. தெருவே வேணாங்கணுமாம்.”

தெருவே வேண்டாம் என்பதற்காகத் தலைவர் ஒரு நோட்டீஸ் அடித்திருந்தார். சொந்தக் கடை, சொந்தக் காகிதம், மனைவியின் கை. ‘நம் வீட்டுக்குள் ஓர் ஒற்றன்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கடை வாசலில் கூட்டமும் போட்டார். நான் அடுத்த தெருவில் ஒரு மெஷினைப் பார்த்துவிட்டு டீ குடிக்க நின்றவன், கேட்டுத் தொலைத்தேன்.

“நீங்க எப்பத் தூங்குறீங்க, எப்ப எந்திரிக்கிறீங்க, எப்பக் குளிக்கிறீங்க, அத்தனையும் அங்க ஆபீஸ்ல ஒருத்தன் உக்காந்து பாப்பான்!” என்றார் தலைவர்.

இவர் குளிப்பதைப் பார்க்க எவன் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானோ, பாவம்.

“அதுலேருந்து கதிர் வருது. மூளைக்குள்ள போகுது” என்றார் அடுத்து. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனுஷன் இப்படிச் சொன்னார். எதிரே நின்ற பதினைந்து பேரும் மண்டையை மண்டையை ஆட்டினார்கள். அந்த மண்டைகளுக்குள் கதிர் போய் என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கு காசு கொடுக்கும்போது செராக்ஸ் கடைக்குள் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில், காகிதக் கட்டுகளுக்கு மேலே, புத்தம் புதிதாக ஒரு மீட்டர் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. “அது கடைக்கு, வேற விஷயம்” என்றாள் தலைவர் மனைவி, நான் கேட்பதற்கு முன்பே. அவளும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வாள்.

நாற்பது வீட்டுக் கையெழுத்தும் தலைவர் பக்கம் விழுந்துவிட்டது. பாக்கி இருந்தது அவர் அப்பாவின் கையெழுத்து. அதில்தான் வேடிக்கை. பெரியவர் வேண்டாம் என்றும் போடவில்லை, வேண்டும் என்றும் போடவில்லை. மகன் காகிதத்தை நீட்டினால் கண்ணை மூடிக்கொள்வார். மருமகள் கேட்டால், “எதுக்கும்மா நமக்கு அதெல்லாம், பழசே ஓடட்டும்” என்பார். அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை.

“அத்தான் வேணாங்கிறாரு, சரி. அவரு அப்படித்தான். மாமாவும் ஏண்ணே வேணாங்கிறாரு?” என்று என்னிடம் போனில் கேட்டாள். அழுதுகொண்டிருந்தாள். “என்னை டாக்டரு ஏசும்போது கூடத்தான இருந்தாரு. அவருக்குமா என் மேல சந்தேகம்?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் மாற்றப் போனேன். போயிருக்கக்கூடாது. முன்கூடத்தில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. தலைவர் நாற்காலியில். தம்பி சுவரில் சாய்ந்து, தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டு. சின்னவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின் இரைச்சலில் தலைவர் கத்திப் பேசவேண்டியிருந்தது. அது அவருக்குச் சிரமமும் இல்லை.

“வாப்பா மெஷினு. நீயே சொல்லு. இவ எதுக்கு இந்த மீட்டர் மீட்டர்னு குதிக்கிறா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்” என்றேன். தெரியும்.

“நான் சொல்றேன் கேட்டுக்க. பழியைத் தூக்கி அடுத்தவன் மேல போடத்தான். டாக்டரே சொல்லிட்டாரு, மெஷின் சரியா ஓடலேன்னு. யாரு நிறுத்துறா? இருபத்திநாலு மணி நேரமும் வீட்ல இருக்கிறது யாரு? அயர்ன் பாக்ஸும் இதுவும் சேந்து ஓடினா ஃபியூஸ் போகுது. வேனுக்குப் போற மகாராணிக்கு மடிப்புக் கலையாம சேல கட்டணும். பெத்த அப்பன் மூச்சை நிறுத்திட்டுத்தான் இங்க இஸ்திரி நடக்குது!”

“அத்தான், வாய்க்கு வந்தபடி பேசாதீங்க” என்றாள் சின்னவள். “நான் துணி தேச்சு ஏழு மாசமாச்சு. ஈரத்துல உதறிக் கட்டிட்டுப் போறேன். இந்தச் சேலயப் பாருங்க.”

“சேலயப் பாக்குறதா எனக்கு வேல?”

“அண்ணா, அவ அப்படியெல்லாம்...” என்று ஆரம்பித்தான் தம்பி.

“நீ சும்மா இருடா.”

அவன் சும்மா இருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைத் தூக்கி அவன் கிடங்கிலேயே பலகையோடு அடுக்கி வைத்திருப்பேன். பெண்டாட்டியைக் கொலைகாரி என்கிறான் ஒருத்தன், இவன் விரலைப் பார்க்கிறான்.

அப்போது கட்டிலில் இருந்து தட்டுகிற சத்தம் வந்தது. பெரியவர் மோதிரம் இல்லாத விரலால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பினோம். அவருடைய நல்ல காது எங்கள் பக்கம்தான் இருந்தது. தலைவரின் கத்தல் அத்தனையும் விழுந்திருக்கவேண்டும்.

“பேனா” என்றார்.

தலைவர் முகம் மலர்ந்து சட்டைப்பையிலிருந்து தன் காகிதத்தை உருவினார். பெரியவர் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

“அது இல்ல. சின்னவ வெச்சிருக்கிறது.”

சின்னவள் அலமாரியிலிருந்து தன் காகிதத்தை எடுத்து வந்தாள். நான் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். மில் வருகைப் பதிவேட்டில் போட்டுப் போட்டுத் தேய்ந்த கையெழுத்து. முதல் எழுத்துக்கு மூன்று மூச்சு, அடுத்ததற்கு நான்கு. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை நிறுத்தி, மூத்த மகனைப் பார்த்தார். கோபமான பார்வை என்று அன்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்கு என்ன குறை. கடைசிக் கோட்டை இழுத்துவிட்டுப் பேனாவைப் போட்டார்.

மீட்டர் மாற்ற ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கருவிப் பட்டை, தலையில் தொப்பி. அரை மணி நேரம் கரண்டை நிறுத்தவேண்டும் என்பதால் சின்னவள் என்னை சிலிண்டரோடு வரச் சொல்லியிருந்தாள். நான் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி சிலிண்டரில் மாட்டினேன். சிலிண்டர் இரையாது. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. தெருவில் ஒரு சைக்கிள் போவது கேட்டது. பெரியவர் நல்ல காதை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தச் சைக்கிள் தெருமுனை தாண்டும்வரை கேட்டார்.

“இனிமே நாங்க வந்து ரீடிங் பாக்க வேண்டியதில்லம்மா, கணக்கு தானா ஆபீசுக்குப் போயிடும்” என்று சொல்லி, அந்தப் பெண் சின்னவளின் போனில் எதையோ இறக்கி, எப்படிப் பார்ப்பது என்று இரண்டு முறை காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். மூளைக்குள் கதிர் எதுவும் பாய்ந்ததாகத் தெரியவில்லை.

பதினோரு நாள் கழித்து சின்னவள் கூப்பிட்டாள். “நாளைக்கு நாலரை மணிக்கு வாங்கண்ணே. நோட்டை எடுத்துட்டு வாங்க.”

நோட்டை என்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. வராமல் இருக்கலாமா என்றுகூட யோசித்தேன். போனேன். அவள் கணவனை லீவு போடச் சொல்லி வைத்திருந்தாள். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரமாக ஓடுகிற மெஷினின் பின்பக்கம் தோசைக்கல் மாதிரி இருக்கும். இது இப்போதுதான் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது.

சின்னவள் போனை நீட்டினாள். “அத்தான், கொஞ்சம் இதைப் பாத்துட்டுப் போங்க. இது நேத்து. இது முந்தாநாள். நாள் முழுக்க மேடா வருதா? ரெண்டு மணிக்கு எறங்குது. நாலேகாலுக்கு ஏறுது. தினமும். ஞாயித்துக்கெழமையப் பாருங்க, எறங்கவே இல்ல.”

தலைவர் பார்த்தார். தலைவருக்குப் பார்க்கத் தெரியும். செராக்ஸ் கடைக்கு அதே கோடுதான் தினமும் வருகிறது.

“கரண்ட் போயிருக்கும்” என்றார்.

“கரண்ட் போனா கோடே இருக்காதுங்க” என்றேன் நான். “ஃபிரிட்ஜ் ஓடியிருக்கு பாருங்க, கீழ சின்னதா ஏறி எறங்குது. நின்னது மெஷின் மட்டுந்தான்.”

“நான் அப்பவே சொன்னேன்ல? இந்த மீட்டரே பொய்யின்னு! தெரு முழுக்க நோட்டீஸ் குடுத்தேன்ல?”

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் நிம்மதி வந்துகொண்டிருந்தது. மீட்டர் பொய் என்றால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவேண்டாம். அண்ணன் அண்ணனாகவே இருக்கலாம். “ஆமா, மீட்டர்ல ஏதாச்சும்...” என்று அவன் வாயைத் திறந்தபோது நான் நோட்டைப் பிரித்துவிட்டேன்.

“மீட்டரை விடுங்க. இது மெஷின் கணக்கு. மீட்டர் வர்றதுக்கு முன்னாடிலேருந்தே, ஆறு மாசமாக் குறையுது. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல.”

சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஆறு மாசமா? உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

நோட்டை அவள் பக்கம் திருப்பினேன். என் ‘சரி’கள் வரிசையாக நின்றன. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். அதற்குப் பிறகு அன்று அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

தலைவர்தான் என்னைக் காப்பாற்றினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஆமா, நிறுத்தினேன்! இப்ப என்னங்கிற? கிரைண்டர் மாதிரி இரையுது, ஒரு போன் பேச முடியல. நான் யாருக்காகப் பேசுறேன்? எனக்கா? ஊருக்காகப் பேசுறேன். ரெண்டு மணி நேரம் மெஷின் இல்லாட்டி மனுஷன் செத்தா போயிட்டாரு? அவரே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு என்னடா?”

“பெத்த அப்பன் மூச்சு” என்றாள் சின்னவள். அவர் சொன்ன அதே வார்த்தை.

“இனிமே இந்த வாசல்படி மிதிச்சா என்னை செருப்பாலடி” என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு தலைவர் போனார். கேட் கிறீச்சிட்டது. அவர் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே வாக்கு அதுதான்.

பெரியவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த மாதம் போனேன். பக்கத்து வீட்டு டெய்லரம்மா மதியம் மூன்று மணி வாக்கில் ஒருமுறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பெரியவரின் கால் வீக்கம் வற்றியிருக்கும், மாதக் கணக்கு எழுநூறைத் தாண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தபடி கண்ணாடியில் குனிந்தேன். அறுநூற்று ஐம்பது. கூட்டிக் கழித்து மறுபடி பார்த்தேன். அதேதான்.

சொல்லக் கூசுகிறது. அந்த நொடியில் நான் சின்னவளைச் சந்தேகப்பட்டேன். தலைவர் சொன்னது சரிதானோ என்று நினைத்தேன். அவள் அதை என் முகத்தில் படித்திருக்க வேண்டும். போனை எடுத்துக் காட்டினாள். முதல் ஒரு வாரம் மேடு. பிறகு அதே பள்ளம். இரண்டு மணிக்கு இறக்கம், நாலரைக்குச் சற்று முன்னால் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை இல்லை.

“யாருன்னு தெரியல. டெய்லரம்மா எட்டிப் பாக்குறப்ப டியூப் மூக்குலதான் இருக்காம். தையல் மெஷின் கூடவே இருந்து இருந்து அந்தம்மாவுக்கு எது ஓடுது, எது நிக்குதுன்னு தெரியல. நீங்க இன்னைக்கு இருந்து பாருங்க. நான் வேனுக்குப் போகணும்.”

அவள் கிளம்பிப் போனாள். நான் பின்கட்டில் துவைகல் மேல் உட்கார்ந்து ஃபில்டரைப் பிழிந்துகொண்டிருந்தேன். நான் போய்விட்டதாகப் பெரியவர் நினைத்திருப்பார். இரண்டு மணி ஆனது. முன்கூடத்தில் இரைச்சல் நின்றது. எழுந்து ஓடினேன். கட்டிலும் அவரும்தான். அவர் கை மெஷினின் சுவிட்ச் மேலேயே இருந்தது. நல்ல காது ஜன்னல் பக்கம்.

“ஐயா! என்ன பண்றீங்க?”

அவர் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார், அந்த இருக்கிற கொஞ்ச மூச்சையும். ஸ்கூட்டர் நிற்காமல் போனது.

“மெஷின் ஓடினா கேட்டு சத்தம் கேக்காதுப்பா” என்றார். “அவன் வந்து, நான் தூங்குறேன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டா?”

சுவிட்சைப் போடப் போன கையை அவர் பிடித்துக்கொண்டார். விரல்நுனியெல்லாம் நீலம்.

“அவருதான ஐயா இதை நிறுத்திட்டு இருந்தாரு? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வரமாட்டானே. எங்கூட என்ன பேசப்போறான். போன்லதான் பேசுவான். குப்ப வண்டி, தண்ணி லாரி, எவனையாச்சும் ஏசுவான். நிறுத்தினாத்தான் எனக்கும் காதுல விழும்.” நாலு மூச்சு வாங்கினார். “கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்.”

“தெரிஞ்சுமா அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்க?”

“சின்னவள அப்படிச் சொன்னான்ல. அது தப்பு.” கண்ணை மூடினார். “அதுக்கு மேல எப்படிப்பா சும்மா இருக்கிறது.”

மெஷினைப் போட்டுவிட்டு நேராகச் செராக்ஸ் கடைக்கு நடந்தேன். தலைவர் நாற்காலியில் இருந்தார். போனை வைக்கச் சொல்லி, அத்தனையும் சொன்னேன். உங்க சத்தம் கேட்கத்தான் அந்த மனுஷன் மூச்சை நிறுத்திவைத்துக் காத்துக் கிடக்கிறார் என்றேன். கல்லும் கரையும் என்று எண்ணிப் போன முட்டாள் நான்.

“மீட்டர் வெச்சுக்கிட்டாங்கல்ல?” என்றார். “அந்த மீட்டரையே கூப்ட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்கச் சொல்லு.”

உள்ளே அவர் மனைவி செராக்ஸ் மெஷினின் மூடியை டமார் என்று அறைந்து சாத்தினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். எனக்கு அதைக்கூடச் செய்யத் தோன்றவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நாலரைக்கு வந்த சின்னவளிடம் இம்முறை எதையும் மறைக்கவில்லை. அவள் வேன் சேலையோடு அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெரியவரின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வீங்கின இடத்தில் விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. அது மெல்ல மெல்ல நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காதுக்குக் கேக்கலேன்னா என்ன மாமா” என்றாள் கடைசியில். “கண்ணு நல்லாத்தான இருக்கு. மெஷின் அண்ணே, கேட்டுல ஒரு சுவிட்ச் வெச்சு இங்க ஒரு பல்பு போட முடியுமா? கேட்டு தெறந்தா எரியணும்.”

அண்ணே என்றாள். அதற்காகவே மறுநாள் காலையிலேயே ஒயரும் பல்பும் வாங்கிக்கொண்டு போனேன். தம்பிக்காரன் ஏணி பிடித்தான். அவன் ஏணியாவது ஆடாமல் பிடித்தான் என்று சொல்லவேண்டும். கேட் திறந்தால் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், ஒரு சின்ன மஞ்சள் பல்பு எரியும். மூடினால் அணையும். பெரியவர் ஏழெட்டு முறை திறந்து மூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெஷினை நிறுத்தமாட்டேன் என்று சின்னவளின் தலையில் கை வைத்துச் சொன்னார்.

நிறுத்தவுமில்லை. இப்போது எட்டு மாதம் ஆகிறது. மாதாமாதம் எழுநூற்றுக்கு மேல். போனில் கோடு பாய் விரித்த மாதிரி தட்டையாக இருக்கிறது. கால் வீக்கம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது, டாக்டர் சின்னவளிடம் மன்னிப்புக் கேட்காவிட்டாலும் சிரிக்கவாவது செய்கிறார். என் நோட்டில் ‘சரி’ என்று இப்போது பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் நான் வாசல் வழியாகத்தான் போனேன். கேட்டைத் தள்ளிவிட்டு உள்ளே நுழையும்போது பெரியவர் எழுந்து உட்கார்ந்திருப்பார். தலையணையை முட்டுக் கொடுத்து, துண்டைத் தோளில் சரிசெய்து, வாசலைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருப்பார். பிறகு வந்தது நான் என்று தெரியும். “வாப்பா” என்று அப்போதும் மரியாதையாகச் சொல்வார். அந்த முகத்தை மூன்று தடவைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. இப்போதெல்லாம் சந்து வழியாகச் சுற்றிப் பின்கட்டுக் கதவைத் தட்டித்தான் போகிறேன்.